கண்ணடிக்கிற மரம்

"டிக்கியில வெச்சிடலாமே," என்றான் அண்ணன்.

அவள் கார் சாவியோடு அப்படியே நின்றாள். அவன் டிக்கியைத் திறந்தே விட்டிருந்தான். உள்ளே உதிரி டயர், ஒரு பழைய போர்வை, அப்பாவின் மடக்கு நாற்காலி. போர்வையை மடித்து நடுவில் குழி மாதிரி செய்துவைத்திருந்தான். ஆடாமல் இருக்குமாம்.

"என்னத்தை வெச்சிடலாம்?"

"பெட்டியைத்தான். நீ பிரேக் போடுறப்போ மடியிலேர்ந்து உருண்டுடப் போகுதேன்னு சொன்னேன்."

"அப்பாவை டிக்கியில போட்டுட்டு வரணும்ங்கறே."

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னே?"

டிக்கியை அறைந்து மூடினாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பார்க்கட்டும். இரண்டு நாளாக அந்தத் தெருவே இவர்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அம்மா ஏற்கெனவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "இங்க குடு. சண்டையை வண்டி கிளம்பினப்புறம் போட்டுக்கலாம்," என்று கையை நீட்டினாள். அஸ்திப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பெல்ட்டை எங்க ரெண்டு பேருக்கும் சேத்து மாட்டு," என்றாள்.

அவள் குனிந்து மாட்டிவிட்டாள். பெல்ட் பெட்டியின் குறுக்கே போய்ப் பொருந்தியது. ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டிய மனிதர். சொந்தக் காரில் ஒருநாளும் பெல்ட் போட்டதில்லை, எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் பேசாமல் மாட்டிக்கொண்டார்.

பின்சீட்டில் தங்கை மூக்கை உறிஞ்சினாள். வந்ததிலிருந்து அழுகிறாள். வெளியூரில் அழகு நிலையம் நடத்துகிறவள். எவ்வளவு அழுதாலும் அவள் முகம் கலையவில்லை, அதுவே ஒரு எரிச்சல். அண்ணன் நேற்றுக் காலை விமானத்தில் வந்து இறங்கினான், இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறான். நடுவில் அப்பாவை எரித்தாகிவிட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யாரைப் பார்த்தாலும் வந்தது. ஆக்ஸிஜன் மெஷினை எடுத்துப்போக வந்தவன் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "இன்னொரு வீட்ல காத்திட்டிருக்காங்க மேடம்," என்றபோது வந்தது. பாவம், அவன் உண்மையைத்தான் சொன்னான். "ரெண்டு வருஷமா நீதானே பாத்துக்கிட்டே, இனிமே உனக்கு விடுதலை," என்று அத்தை காதோரம் சொன்னபோது வந்தது. தைரியமான பொண்ணு என்று முதுகைத் தட்டிய ஒவ்வொரு கையையும் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின்மேல் வந்தது. செத்துப்போனவர்மேல் இப்படிக் கோபப்படலாமா என்று யாராவது கேட்டிருந்தால், நீங்கள் அவரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாள்.

முந்தாநாள் காலையில் அவருக்கு முகம் துடைத்து, கண்ணாடியையும் துடைத்து மாட்டிவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னால போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தாலும் அதே பிழைப்பு. தலையணை உயரமா வேணுமா, இறக்கமா? பாலா, சூப்பா? அப்பா எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. "டாக்டர் எதை வேணாம்னாரோ அது," என்பார். இல்லையென்றால் தூங்குவதுபோல் நடித்து, அவள் பதறிக் குனிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறப்பார்.

அன்றைக்கு மட்டும் தானாகவே பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு போய்விட்டு வந்தது. "எரிச்சப்புறம்... என்னைக் கொண்டுபோய்... நம்ம மரத்துக்குக் கீழ போட்டுடு."

"எந்த மரம்ப்பா? எதுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணடித்தார்.

அவ்வளவுதான். இடது கண். "இப்பவுமா விளையாட்டு?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பால் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் மனிதர் கம்பி நீட்டிவிட்டார். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனால் என்ன? கடைசியாகவாவது சொல்லிவிட்டுப் போனால் என்ன?

நம்ம மரம் என்றால் கண்ணடிக்கிற மரம். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. ஊர் ஓரத்தில், ஏரியை ஒட்டி ஒரு பூங்கா உண்டு. பெயர்தான் பூங்கா, பாதிக்கு மேல் காடு. அப்பாவின் பஸ் அதன் வேலியை ஒட்டித்தான் போகும். மூன்று பிள்ளைகளும் சின்னவர்களாக இருந்தபோது ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் அப்பா ஆரம்பித்தார். "அந்தக் காட்டுல ஒரு மரத்துக்கு ஒத்தைக் கண்ணு இருக்கு. தினம் நான் பஸ்ஸுல போறப்போ என்னைப் பாத்துக் கண்ணடிக்குது. ஆளில்லாத ட்ரிப்புன்னா ரெண்டு தடவை."

"நிஜமாவா?" என்றான் அண்ணன்.

"பின்ன? ஞாயித்துக்கிழமை வாங்க, தேடிப் பாப்போம். வாரம் பூரா உக்காந்தே கிடக்கறேன், எனக்கும் நடந்த மாதிரி இருக்கும்."

"புள்ளைங்களைச் சாப்பிட விடுங்க," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முன்னால் போவார், பிள்ளைகள் பின்னால். முடிச்சோ பொந்தோ எதைக் கண்டாலும் ஓடிப்போய், "இதுவாப்பா, இதுவாப்பா?" என்பார்கள். அப்பா அந்த மரத்துக்கு எதிரே போய் நிற்பார். இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் உற்றுப் பார்ப்பார். இடது கண்ணை ஒருமுறை அடித்துவிட்டு, மரம் பதிலுக்கு அடிக்கிறதா என்று காத்திருப்பார். நடக்க வந்தவர்கள் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்.

"இது இல்ல."

கொஞ்ச காலத்தில் அண்ணன் வருவதை நிறுத்திக்கொண்டான். அப்புறம் தங்கையும் நின்றாள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளும் அப்பாவுமாக ஆனபிறகு ஆட்டத்தில் ஒரு புது விதி சேர்ந்தது. அவர் டிரைவர், அவள் கண்டக்டர். அவர் "இது இல்ல" என்றதும் அவள் "போலாம் ரைட்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் வண்டி நகரும். இல்லையென்றால் மரத்தடியிலேயே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிற்பார். பள்ளிக்கூடம் முடிந்தும், வேலைக்குப் போன பிறகும், அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும்வரை அந்த வண்டி ஓடியது. அப்படி ஒரு மரமே கிடையாது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், மரம் இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் அகப்படவில்லை என்றே இருந்தது.

ஒருமுறை வேறு ஊரில், பெரிய கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. "தாராளமாப் போ. யாரு தடுத்தா?" என்றார் அப்பா. "என்ன, மரத்தைக் கண்டுபிடிக்காமயே போறியே கண்டக்டர். அதான் ஒரு குறை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிவைத்தாள். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

இப்போது வண்டியை மெயின் ரோட்டில் திருப்பிக்கொண்டே, "காடு முழுக்க மரம். இவர் பாட்டுக்கு நம்ம மரம்னுட்டுப் போயிட்டாரு. எங்க போய்த் தேடறது?" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை. வெறுமே புலம்பினாள்.

"எதுக்குத் தேடணும்?" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. "எனக்குத் தெரியுமே."

"எது தெரியும்?"

"கண்ணடிக்கிற மரம். நான் சின்னதுலயே கண்டுபிடிச்சிட்டேன்ல."

அவள் போட்ட பிரேக்கில் அம்மா இரண்டு கைகளாலும் பெட்டியை அணைத்துக்கொண்டாள். பின்னால் வந்த வேன்காரன் ஹாரனில் திட்டினான்.

"ரகசியம், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு," என்றான் அண்ணன். "சொல்லல. இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே நான்." அவன் குரலில் பெருமை இருந்தது. தலை நரைத்த மனிதன், ஒரு கம்பெனிக்கே கணக்குப் பார்க்கிறவன், அதில் அவனுக்கு ஒரு பெருமை.

தங்கையின் அழுகை பட்டென்று நின்றது. "சும்மா இருண்ணா. கண்டுபிடிச்சது நான்."

"நீயா?"

"ஆமா, நான்தான். எங்கிட்டயும்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. உனக்குத் தெரியும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது," என்றாள் அவள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வண்டியை எடுத்தாள். குளிப்பாட்டியது நான், மலம் அள்ளியது நான், மூச்சுத் திணறியபோதெல்லாம் முதுகை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். மரம் மட்டும் இவர்களுக்கு. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் இறங்கி நேராக நடந்தான். அதிக தூரம் போகவில்லை. வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் வேலியை ஒட்டி, முதலாவதாக நின்ற மரத்தில் கை வைத்தான். பருத்த தண்டு. முழங்கால் உயரத்தில் உருண்டையாக ஒரு முடிச்சு.

"இதோ. இன்னும் இருக்கு பாரேன்." குனிந்து அந்த முடிச்சைத் தடவினான். அவன் முகம் சட்டென்று சின்னப் பையன் முகம் ஆகிவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது இல்லவே இல்ல," என்றாள் தங்கை. "அந்தப் பக்கம். டாய்லெட்டுக்குப் பின்னால."

"டாய்லெட்டுக்குப் பின்னால இருக்கிற மரம் எப்படி பஸ்ஸைப் பாத்துக் கண்ணடிக்கும்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு."

"இது மட்டும்? முழங்காலுக்குக் கீழ கண்ணு வெச்சுக்கிட்டு இது டயரைப் பாத்துத்தான் அடிக்கும்."

தங்கை அவர்களை இழுத்துக்கொண்டு போனாள். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால், வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகக் கோணி வளர்ந்த ஒல்லி மரம். அதில் ஒரு துளை. "இதுவா கண்ணு? எவனோ ஆணி அடிச்சுப் பிடுங்கின ஓட்டை," என்றான் அண்ணன். "அப்பா சொன்னாரு," என்றாள் தங்கை. "எங்கிட்டயும்தான் சொன்னாரு," என்றான் அண்ணன். பெரிய மனிதர்கள் இருவரும் கழிப்பறை ஓரத்தில் மல்லுக்கு நின்றார்கள். துடைப்பத்தோடு வெளியே வந்த துப்புரவுக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"ரெண்டும் இல்ல," என்றாள். "போதும், நிறுத்துங்க."

மூவரும் திரும்பினார்கள்.

"நான் ஒருநாளும் உங்ககூட வந்ததில்ல. வீடு அமைதியா இருக்கிறதே அந்த ஒரு நாள்தான். ஆனா வந்ததும் அவர் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவாரு." அம்மா அண்ணனைப் பார்த்தாள். "உனக்கு அன்னிக்குப் புது ஷூ. கால் கடிச்சிடுச்சு. வண்டி நிக்கிற இடத்துக்கு வந்ததும் தரையில உக்காந்துட்டே. மரமும் வேணாம் மண்ணும் வேணாம்னு ஒரே அழுகை. பக்கத்துல அந்த மரம் நின்னுது. அட, இதேதான்டா, கண்டுபிடிச்சிட்டியே, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாரு. உன் அழுகை நின்னுது. அவ்வளவுதான் கதை."

"எனக்கு?" என்றாள் தங்கை.

"உனக்கு அவசரமா ஒன்னுக்கு வந்துடுச்சு. இங்க வந்து சேர்றதுக்குள்ள டிரெஸ்ஸுலயே போயிட்டே. வெக்கப்பட்டுக்கிட்டு, வர மாட்டேன்னு சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டியாம். அந்த மனுஷனுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கால் ஆரம்பித்து, அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தான். "ரெண்டு பேர் காதுலயும் நல்லாப் பூ சுத்தியிருக்காரு." தங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். அண்ணன் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டான். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர்கள் இருவரும் அப்பா செத்துப்போனதை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ அழவே இல்லையேடி," என்றாள் அம்மா. "கால் வலிக்குதுன்னு ஒருநாள் சொன்னதில்ல. மழை வந்தாக்கூட, இன்னும் ஒரே ஒரு மரம் பாத்துட்டுப் போயிடலாம்ப்பாம்பியாம்."

"அழாததுக்குத் தண்டனையா?"

அம்மா பெட்டியின் மூடியை முந்தானையால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. "நானே கேட்டேன். பாவம், இத்தனை நாளாத் தேடுறா, அவளுக்கும் ஏதாவது ஒண்ணைக் காட்டி முடிச்சுவிடுங்களேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கண்டுபிடிச்சதுக்கப்புறம் அதுங்க ரெண்டும் என்கூட வந்துச்சா? இவளும் கண்டுபிடிச்சிட்டா நான் யார்கூட நடக்கறதுன்னாரு."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கழிப்பறைக் கதவு ஒன்று தானாக ஆடி இடித்தது. அவள் கண்முன் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அப்பா ஒரு மரத்தடியில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். ஓரக்கண்ணால் அவளைப் பார்க்கிறார், குரல் கொடுக்கிறாளா என்று. ஒவ்வொரு மரத்தடியிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். மரத்தை அவர் பார்க்கவே இல்லை.

"மரத்தை மட்டுமா மறைச்சாரு?" என்றாள். "அந்த ஆஸ்பத்திரி வேலை. மரத்தைக் கண்டுபிடிக்காமப் போறியேன்னாரே, அது?"

"போகாதேன்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலம்மா. அதுதான். சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். திட்டியிருந்தா போயிருப்பேன். அழுதிருந்தாக்கூடப் போயிருப்பேன். அவர் சிரிச்சாரு. சிரிக்கிற மனுஷனை விட்டுட்டு எப்படிம்மா போறது? அவர் பாட்டுக்குச் சிரிச்சிட்டே என் காலைக் கட்டிப்போட்டுட்டாரு. நான் என்னமோ நானாத்தான் நிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அவருக்கு உன்மேல..."

"தெரியும். சொல்லாதே. அதைச் சொன்னே, எனக்குக் கெட்ட கோபம் வந்துடும்."

தங்கை அவள் கையைப் பிடிக்க வந்தாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி பையில் போட்டான். "சரி, விடு. அப்பா அப்படித்தான். இப்ப என்ன, மரம்னு ஒண்ணு இல்ல. ஏதாவது ஒரு மரத்துக்குக் கீழ போட்டுட்டுக் கிளம்பலாமே. வாசல்ல பாத்தோமே, அதுவே நல்லாத்தான் இருக்கு. பெருசா, நிழலா. எனக்கும் ஃப்ளைட்டுக்கு..."

அவள் அம்மாவின் மடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். பார்த்தால் தெரியாத கனம் அதற்கு. குழந்தையைத் தூக்கிக்கொள்வதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க," என்றாள். "நம்ம மரத்துக்குக் கீழன்னுதான் சொன்னாரு. நம்ம மரத்தைத் தேடுவோம்."

"அப்படி ஒண்ணே இல்லைன்னு அம்மா இப்பத்தானே சொன்னா?"

"எங்கிட்டதானே சொல்லிட்டுப் போனாரு? எதுன்னு நான் சொல்றேன். வா."

திரும்பிப் பார்க்காமல் காட்டுப் பாதையில் நடந்தாள். கொஞ்ச நேரம் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அம்மா தங்கையின் தோளைப் பிடித்தபடி வந்தாள். அண்ணன் கடைசியில் வந்தான்.

முதல் மரத்தில் ஒரு பொந்து. "இதுவாக்கா?" என்றாள் தங்கை, ஒப்புக்கு. அவள் எதிரே போய் நின்றாள். ஒரு கையில் பெட்டி, மறு கை இடுப்பில். நிதானமாகப் பார்த்தாள். இடது கண்ணை அடித்தாள். காத்திருந்தாள். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள், நாயை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"இது இல்ல."

அடுத்தது. இது இல்ல. அதற்கடுத்தது. இது இல்ல. ஏரி தெரிகிற வளைவைத் தாண்டினார்கள். அவளுக்கு ஒவ்வொரு வேரும் தெரியும், எந்த இடத்தில் தடுக்கும் என்று கால் அறியும். அவர்களுக்குத் தெரியாது. தங்கை இரண்டு முறை தடுக்கி விழப்பார்த்தாள். விழட்டும் என்று அவள் நினைத்தாள். உடனே, "பாத்து வா," என்றும் சொன்னாள்.

"நீ வேணும்னே பண்றே," என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

"ஆமா."

"ஃப்ளைட் போயிடும்."

"போகட்டும். அது மறுபடி வரும்."

அவன் நின்றுவிட்டான். ஒரு கல்லில் உட்கார்ந்து குதிகாலைத் தடவினான். விமானத்துக்கென்று போட்டு வந்த புதுக் கறுப்பு ஷூ. அவளும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கால் கடிக்குதா?"

"கடிக்குது."

"அழு. இதோ இந்த மரம்தான்னு சொல்லிடறேன்."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. ஷூவினாலா என்று தெரியவில்லை. குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினான். கயிறுகளைச் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டான். சாக்ஸோடு சருகில் நின்றான். "நட," என்றான்.

அவள் நடந்தாள். பாதை சுருங்கி ஒற்றையடியானது. இந்தப் பக்கம் அவளும் அப்பாவும் வந்ததில்லை. அப்பா எப்போதும் இதற்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிடுவார். மரங்களுக்கு நடுவே தூரத்தில் வேலி தெரிந்தது. வேலிக்கு அப்பால் ரோடு. ஒரு டவுன் பஸ் போகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றாள் தங்கை.

அவள் குரல் மாறியிருந்தது. கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ரோட்டைப் பார்த்தபடி ஒரு மரம் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக வரும் உயரத்தில், ஒரு கண். எப்போதோ ஒரு கிளை ஒடிந்து ஆறிய தழும்பு. சுற்றிலும் பட்டை தடித்து இமைபோல் மடிந்திருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். பார்த்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"இருந்திருக்கு," என்றான் அண்ணன், மெதுவாக. "அட ஆண்டவனே. நிஜமாவே இருந்திருக்கு."

அம்மா தங்கையின் தோளிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை மரத்தடிக்குப் போய்ச் சருகுகளைக் காலால் ஒதுக்கி இடம் செய்ய ஆரம்பித்தாள். மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது.

பெட்டியோடு அவள் எதிரே போய் நின்றாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இடது கண்ணை ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். காற்று வந்தது. மேலே ஒரு கிளை தாழ்ந்து, அதன் நிழல் அந்தக் கண்ணின்மேல் விழுந்து, விலகியது.

தங்கை குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தோளிலிருந்த ஷூவைக் கீழே இறக்கி வைத்தான்.

"இது இல்ல," என்றாள் அவள்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"போலாம் ரைட்," என்று அவளே சொன்னாள். பெட்டியை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மேலே நடந்தாள்.